காவாவும் கேக்கும்: ஆறு ஆண்டுப் பூசல்

திருமண வெள்ளி விழாவுக்கு நாற்பது பேரை அழைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஷாம்பெய்ன் விலைக்குத் தம்மால் போக முடியாது, ஆனால் நுரை பொங்க ஏதாவது ஊற்றியே ஆகவேண்டும், எதை வாங்கலாம் என்று சென்ற வாரம் கேட்டார். லண்டனில் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் காவா ப்ரூட் என்ற ஸ்பெயின் நாட்டு நுரை வைன் வாங்கி வருகிறவன் என்பதால் என்னைக் கேட்டார். பாராட்டாகத் தொடங்கிய என் பதில் ஒரு பழைய எரிச்சலில் போய் நின்றுவிட்டது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஸ்பெயினின் பெனடெஸ் பகுதியிலிருந்து வரும் காவா, ஷாம்பெய்னைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடந்த பிறகுதான் கடைக்கு வருகிறது. இத்தனை வேலையும் 10 பவுண்டுக்குள் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான். அதைவிட வியப்பு, சூடான வெங்காயப் பக்கோடாவோடு அதைக் குடித்துப் பார்த்தபோது ஏற்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பு ஒரே மடக்கில் துடைத்துவிட, அடுத்த பக்கோடா முதல் பக்கோடாவைப் போலவே ருசித்தது. மெதுவடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆனால் நம் வீடுகளில் இது பக்கோடாவோடு ஊற்றப்படுவதில்லை. கேக் வெட்டியதும் எல்லோரும் கைதட்டி, ஆளுக்கொரு துண்டு வாயில் போட்ட அதே நிமிடத்தில்தான் கிளாஸ் கைக்கு வருகிறது. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. வெண்ணெய் க்ரீமும் சர்க்கரைப் பாகும் நாக்கில் படிந்திருக்கும்போது அந்த வைன் வெறும் எலுமிச்சைச் சாறாகத்தான் தெரியும். என் மகளின் பதினெட்டாம் பிறந்தநாள் இரவில் மேசைகளைத் துடைக்கும்போது எண்ணிப் பார்த்தேன்: ஒரு மடக்கோடு கைவிடப்பட்ட கிளாஸ்கள் பதினொன்று, அவற்றில் இரண்டு பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன.

இனிப்பானது வேண்டுமென்று தேடினால் லேபிள் நம்மை ஏமாற்றும். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதியிருப்பது, பெயருக்கு நேர்மாறாக, ப்ரூட்டைவிட இனிப்பானது. அதிலும் லிட்டருக்கு 17 கிராம் வரைதான், கேக்கின் முன் அது எம்மாத்திரம்? 32 முதல் 50 கிராம் வரை கொண்ட 'டெமி செக்' ஓரளவு தாக்குப்பிடிக்கும். எங்கள் பக்கத்துக் கடைகளில் அது கண்ணில் படுவதே அபூர்வம். இந்தப் பெயர்களை வைத்தவர்மேல் எனக்கு உள்ள கோபம் ஆறு ஆண்டாகியும் தணியவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் மணநாளுக்கு இத்தாலியின் பியட்மான்ட்டிலிருந்து வரும் ஆஸ்தி என்ற இனிப்பு நுரை வைனை வாங்கினேன். மொஸ்காட்டோ திராட்சைச் சாறு முழுவதும் நொதித்து முடியும் முன்பே, ஆல்கஹால் 7 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது, குளிரூட்டி நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரை அதிலேயே தங்கிவிடுகிறது. மதுரையிலிருந்து வந்திருந்த பெரியப்பா லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கல்யாண நாளில் அஸ்தியையா எடுத்து வைப்பாய்?" என்று பதறினார். "இத்தாலியில் முதலெழுத்தை அழுத்தி ஆஸ்தி என்பார்கள், பெரியப்பா" என்றேன். "ஆஸ்தி என்றால் கொஞ்சம் ஊற்று" என்றவர் கேக்கோடு இரண்டு கிளாஸ் முடித்தார். அன்றைக்குப் பூச்சாடிக்குப் பின்னால் எதுவும் இல்லை.

ஆகவே நண்பருக்கு ஆஸ்தியையே வாங்கச் சொன்னேன். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் வரும் என்பதால் நாற்பது பேருக்கு ஏழு பாட்டில் போதும். 'செக்கோ' என்று போட்ட ஆஸ்தியும் இப்போது விற்கிறார்கள், அது இனிப்பு குறைந்தது, எடுக்க வேண்டாம். அதே திராட்சையில் செய்யும் மொஸ்காட்டோ த'ஆஸ்தியும் நல்ல வைன்தான். ஆனால் பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் குறைவு, கார்க் திறக்கும் ஓசையை எதிர்பார்த்து நிற்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐஸோடு தண்ணீரும் நிறைந்த வாளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காமல், கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருக வேண்டும். சரியாகக் குளிராத பாட்டிலைத் திறந்து, ஒரு கிளாஸ் அளவு வைனை என் மைத்துனரின் பட்டு வேட்டிக்கு வார்த்தவன் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய அன்று மாலையே கடைக்குப் போய், எனக்கென்று ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். ஆறும் காவா ப்ரூட். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.