காலா, நாற்காலியா: நிமிர்ந்து நிற்க எதில் தொடங்குவது?

என் தங்கைக்கு ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நிற்கிறாள். எனக்குக் கணினி முன்னால் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவளுக்குக் குதிகால் வலி கூடுதல், எனக்குக் கழுத்து. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது.

முதலில் வாங்கியது தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட். போட்டிருக்கும்வரை நிமிர்ந்திருப்போம், கழற்றினால் பழைய கூன்தான். முதுகுத் தசை செய்ய வேண்டிய வேலையை நாடா செய்கிறது, அவ்வளவுதான். சட்டைக்குள் வியர்க்குரு வந்ததுதான் மிச்சம். இப்போது அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அடுத்து, பாதத்தின் வளைவைத் தாங்கும் இன்சோல். குதிகால் வலிக்கு இது கொஞ்சம் ஆறுதல் தரும், மறுக்கவில்லை. ஆனால் அதை வைக்க ஷூ வேண்டும். தங்கை போடுவது செருப்பு. வைத்தாலும் அது முட்டுக்கொடுக்குமே தவிர, பாதத்துக்குப் பலம் சேர்க்காது.

சரி, பாதப் பயிற்சிக்கு வருவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உள்பக்க வளைவு தளர்ந்து பாதம் உள்நோக்கிச் சாய்ந்தால் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பும் உள்பக்கம் திரும்பும். முழங்காலும் தொடையும் கூடவே போகும். மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு அந்தச் சாய்வு இடுப்புவரை தெரியலாம்.

குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நின்று பார்த்தோம். என் தடத்தில் நடுவில் குறுகலாக ஒரு பட்டைதான் பதிந்தது. அவளுடையது முழுசாகப் பதிந்திருந்தது. "என்னண்ணா, தோசைத்திருப்பி மாதிரி இருக்கு!" என்றாள். தட்டைப்பாதம் இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. பலருக்கு ஆயுசுக்கும் வலியே வராது. அவளுக்கு வலி இருந்ததால்தான் கவனித்தோம்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த முக்கியமான பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதிக்க வேண்டும். விரல்களை மடக்காமல், விரல்களின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுக்க வேண்டும். பாதம் குட்டையாகி, நடுவில் சின்னப் பாலம் போல எழும்பும். ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும், காலுக்குப் பத்துத் தடவை. முதல் வாரம் விரல்கள்தான் மடங்கின. அப்புறம் ஒரு நாள் அந்தப் பாலம் எழும்பியது, அவளே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது சுலபம், ஆனால் அதில் கெண்டைக்காலிலிருந்து வரும் தசைகள்தான் அதிகம் உழைக்கின்றன. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவதை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டோம்.

இத்தனைக்குப் பதில் வெறுங்காலோடு நடந்தால் போதாதா என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் 2,300 குழந்தைகளின் கால்தடங்களைப் பார்த்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், காலணி போட்ட குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. ஆனால் அது வளரும் கால்களைப் பற்றியது. முப்பது வயதில் செருப்பைக் கழற்றினால் வளைவு திரும்பிவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாது.

மூன்று மாதத்தில் அவளுக்குக் குதிகால் வலி நன்றாகக் குறைந்தது. அதே பயிற்சியைச் செய்த எனக்குக் கழுத்து அப்படியே இருந்தது. இருக்காதா பின்னே? பத்து நிமிடம் பாதத்துக்கு வேலை கொடுத்துவிட்டு ஒன்பது மணி நேரம் திரைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உதவியது பழக்கத்தை மாற்றியதுதான். திரையைப் பழைய புத்தகங்கள் மேல் ஏற்றிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பின்பாக்கெட்டிலிருந்த பர்ஸை எடுத்தேன். பெரிய தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சின்னச் சொம்பு வைத்தேன். அரை மணிக்கொரு தரம் தீர்ந்துபோகும், எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அதே நிலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் முதுகு முனகத்தான் செய்யும்.

நிற்பவர்களுக்கும் பழக்கம் உண்டு, ஆனால் அது அவர்கள் கையில் மட்டும் இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. கேரளம் 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. தங்கையின் கடையிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் எப்போதும் புடவைப் பெட்டி! அவள் கவுண்டருக்கு அடியில் ஒரு மணைப்பலகை போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதில் வைத்து நிற்கிறாள். இடுப்புக்கு அது நல்ல ஓய்வு.

ஆக, நின்று வேலை செய்பவர் பாதத்தில் தொடங்கலாம், உட்கார்ந்து செய்பவர் பழக்கத்தில். இரண்டுக்கும் காசு செலவில்லை. வலி காலுக்குள் இறங்கினாலோ மரத்துப்போனாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தங்கை இப்போது ஒற்றைக்காலில் நின்றுதான் பல் தேய்க்கிறாள், ஆடாமல். மற்ற நான்கு விரல்களையும் தரையில் வைத்துப் பெருவிரலை மட்டும் தூக்கச் சொல்லி என்னைச் சீண்டுவாள். எனக்கு இன்னும் ஐந்தும் சேர்ந்துதான் எழும்புகின்றன.