இருக்கிறதா, தன்னுடையதா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இலை எடைக் கணக்குக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஈர இலைக்குக் கழிவு உண்டு. தராசடியில் அதைக் குறிக்க மறந்தால் 5 சதவீதம் கழியும். வெயில் அடித்த ஒரு நாள், 40 கிலோ கொண்டுவந்த அக்காவின் சீட்டில் 38 என்று விழுந்தது. கழிவு 0 என்று சரியாகத்தான் குறித்திருந்தார்கள். நான்தான், கழிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, இஃப் நிபந்தனைக்குள் வெறுமனே பதிவு.கழிவு என்று எழுதியிருந்தேன். பதிவு என்பது விவரங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட், கழிவு அதன் ஒரு பண்பு (பண்பின் பெயரைத் தமிழிலேயே வைக்க அந்த மொழி விடுகிறது). பூஜ்ஜியமும் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் அங்கே ‘இல்லை’ என்றாகிவிடும்.

‘மதிப்பு இல்லை’ என்பதைக் குறிக்கும் அன்டிஃபைன்டு உடன் ஒப்பிட்டால் பூஜ்ஜியம் தப்பிக்கும். ஆனால் பண்பே இல்லாததும், பண்பு இருந்து அதன் மதிப்பு அன்டிஃபைன்டாக இருப்பதும் அதற்கு ஒன்றுதான்.

பிறகு 5 சதவீதத்தை ஒரு முன்மாதிரி ஆப்ஜெக்டில் (தன்னிடம் இல்லாத பண்பை மற்ற ஆப்ஜெக்டுகள் இதிலிருந்து பெறும்) வைத்து, அன்றாடப் பதிவுகளை அதிலிருந்து உருவாக்கினேன். கழிவு குறிக்காத பதிவுகளை எண்ண, பண்பு உண்டா என்று கேட்கும் ‘இன்’ போட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை! பதிவில் இல்லாவிட்டால் ‘இன்’ முன்மாதிரிச் சங்கிலியில் ஏறித் தேடும். பாட்டன் சொத்தும் அதன் கணக்கில் சொத்துதான். வெற்று ஆப்ஜெக்டிடம், முன்மாதிரியிலிருந்து வரும் டுஸ்ட்ரிங் என்ற செயற்கூறு உண்டா என்று கேட்டாலும் உண்டு என்றே சொல்லும்.

எனக்கு வேண்டியது பதிவின் சொந்தப் பண்பு. அதற்கு ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி பழைய வழி. அதை ஆப்ஜெக்டிடமே கேட்க வேண்டும் என்பதுதான் வில்லங்கம்: அதே பெயரில் வேறு பண்பு இருந்தால் விடை கெடும், முன்மாதிரியே இல்லாத ஆப்ஜெக்டில் அந்தச் செயற்கூறே இருக்காது. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட் 2022 கொண்டுவந்த ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் இரண்டிலும் இடறாது. இப்போது பதிவேட்டில் அதுதான்.

தராசைப் படிக்கும் சிறு நிரல் மட்டும் பைத்தான். அங்கே ‘பண்பு உண்டா’ என்று பார்க்கும் ஹேஸ்அட்டர் கேட்பதோடு நிற்காது, பண்பை எடுத்தே பார்க்கும். எடை, எடுக்கும்போதே ஒரு செயற்கூறை ஓட்டும் ப்ராப்பர்ட்டியாக இருந்தால், ‘இருக்கிறதா’ என்று கேட்டதற்கே தராசு ஒருமுறை படிக்கப்பட்டுவிடும். பைத்தான் 2 இன்னும் மோசம். உள்ளே எழும் மற்றப் பிழைகளையும் விழுங்கிவிட்டு ‘இல்லை’ என்னும். கேபிள் கழன்றிருந்தாலும் அதே பதில்தான். பைத்தான் 3.2 முதல், ‘பண்பு இல்லை’ என்னும் பிழையான அட்ரிபியூட்எரரை மட்டுமே விழுங்குகிறது. ஆகவே அங்கே நான் முன்கூட்டி விசாரிப்பதில்லை. பிழையைப் பிடிக்க உதவும் ட்ரைக்குள் நேரே எடையைப் படிக்கிறேன். கேபிள் கழன்றால் கேபிள் பிழையாகவே திரையில் வருகிறது.