பணகுடிக் காற்றில் இரண்டு மட்டக்குதிரைகள்: ஏழாண்டு அனுபவம்

பணகுடிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் இரண்டு மினியேச்சர் குதிரைகள் நிற்கின்றன. செவலைக்கு 8 வயது, மயிலைக்கு 5. இரண்டுமே என் இடுப்புயரம் வராது. இந்த வகைக்கு அமெரிக்கச் சங்கம் வைத்திருக்கும் உச்ச வரம்பே 34 அங்குலம்தான். அதைப் பிடரி மயிரின் கடைசி முடி நிற்கும் இடம் வரை அளப்பார்கள். குணம் எப்படி, கடிக்குமா, பிள்ளைகளோடு விடலாமா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். செவலையிடம் நான் செய்த தவறை இன்னொரு குட்டியிடம் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செவலை நான்கு மாதக் குட்டியாக வந்தது. தாயோடு இன்னும் இரண்டு மாதம் விட்டிருக்க வேண்டும். தோட்டத்தில் வேறு குதிரையும் கிடையாது. ஆகவே அதற்கு நாங்களே மந்தையானோம். கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்து ஊட்டினோம். சட்டைப் பையை மூக்கால் துழாவினால் மகிழ்ந்தோம். பின்னங்கால்களில் எழுந்து முன்கால்களை என் தோளில் போட்டபோது படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினோம். ஒருகாலத்தில் குதிரை வண்டி ஓட்டிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது ஆளுயரம் வளர்கிற சாதியாக இருந்தால் தோளில் கால் போட விடுவீர்களா?”

என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒன்றரை வயதில் அக்காள் மகனைக் கடித்தது. அவனுக்கு அப்போது 7 வயது, வெறுங்கையோடு போயிருந்தான். கருப்பட்டி இல்லை என்று தெரிந்ததும் மேற்கையைக் கவ்வியது. சட்டைக்கு மேலே கடித்தும் சதை கன்றிப்போனது. அதைக் கெட்ட குணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடும். வரம்பு மீறினால் மந்தையில் இருக்கிற பெரிய குதிரை காதைப் பின்னால் மடக்கும், அதற்கும் அடங்காவிட்டால் காலைத் தூக்கும். அந்தப் பாடத்தைக் கற்கும் வயதில் செவலைக்குக் கிடைத்ததெல்லாம் எங்கள் சிரிப்புதான். மருத்துவரை வரவழைத்துக் காயடித்தோம். மூர்க்கம் சில வாரங்களில் தணிந்தது; பழக்கம் தணியவில்லை. அன்றிலிருந்து தீனி வாளியில் மட்டும்தான். கையில் வைத்து எதையும் யாரும் கொடுப்பதில்லை. அப்படியும் கடி நிற்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

மயிலை ஆறு மாதம் நிறைந்து, பால் மறந்தபின் வந்தாள். முதல் வாரம் நான் அவளைத் தொடவே இல்லை. தொழுவத்தில் முக்காலியைப் போட்டு, பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். நான்காம் நாள் தானாக வந்து தலைமுடியை முகர்ந்தாள். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை படாது. அதனால் தோள் பக்கமாகவே நெருங்கினேன். நெற்றியைத் தட்டுவதற்குப் பதிலாகப் பிடரி முடியும் இடத்தைச் சொறிந்தேன்; குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே தணியும். பிறகு கையை முன்னங்கால் வரை இறக்கினேன். இங்கேதான் கவனம் வேண்டும். அவள் அமைதியாக நின்ற நொடியில் கையை எடுத்துவிடுவேன். விலகினால் கை அழுத்தாமல், ஆனால் விடாமல், கூடவே போகும். விலகியபோது கையை எடுத்தால் விலகுவதையே கற்றுக்கொள்வாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. இரண்டு மாதத்தில் நான்கு கால்களையும் தூக்கிக் கொடுத்தாள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட வேண்டும். இவை 25, 30 ஆண்டுகள் வாழ்கிற உயிர்கள். தலைக்கயிறு போட்டுப் பழக்கினேனே தவிர, குட்டியாக இருந்தவரை கம்பத்தில் இறுக்கிக் கட்டவில்லை. மிரண்டு இழுத்தால் கழுத்து முறுகிவிடும்.

ஆடிக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுற்றும் காற்று எங்கள் தகரக் கூரையையும் விடாமல் அடிக்கும். குதிரை ஆபத்தைக் காதாலும் மூக்காலும் அறிகிற விலங்கு. அந்த இரைச்சலில் இரண்டும் குழம்பிவிடும். சாந்தமான மயிலைகூடத் துள்ளுவாள். அந்த நாட்களில் புதிதாக எதுவும் பழக்குவதில்லை. செவலையோடு சேர்த்து நடத்திவிட்டு வந்துவிடுவேன்.

தீனியும் குணத்தைக் கெடுக்கும். காணத்தையும் (கொள்ளு) தவிட்டையும் அள்ளிப் போட்டால் சீக்கிரம் கொழுத்துவிடும், குளம்பில் அழற்சி வரும், வலியில் தொட விடாது. கொழுத்ததே என்று திடீரெனப் பட்டினி போட்டால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எனவே திடீரென்று ஒரு குதிரை சிடுசிடுத்தால் முதலில் குளம்பையும் பல்லையும் பாருங்கள். வேலியில் இருந்த அரளியை வேரோடு பிடுங்கிவிட்டேன்.

கொடைவிழாவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற வாடகைக்குக் கேட்கிறார்கள். கொடுப்பதில்லை. இவற்றின் எடையே 100 கிலோவுக்குள்தான்.

அக்காள் மகனுக்கு இப்போது 13 வயது. மயிலையின் குளம்பு இடுக்கில் சேரும் மண்ணை அவன்தான் எடுத்துவிடுகிறான். காலைத் தொட்டாலே தூக்கிக் கொடுக்கிறாள். செவலையின் தொழுவத்துக்கு மட்டும், சட்டைப் பையில் ஏதும் இல்லை என்று தடவிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் கதவைத் திறக்கிறான்.