வண்டி டிராக்கர்: என்பி-ஐஓடியா, எல்டிஇ-எம்மா?

தொடர்ந்து 10 மில்லிஆம்பியர் இழுக்கும் டிராக்கர், சும்மா நிற்கும் ஸ்கூட்டரின் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியை 500 மணி நேரத்தில், அதாவது சுமார் 3 வாரத்தில், காலி செய்துவிடும். என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் இரண்டும் இப்படிப்பட்ட சின்னக் கருவிகள் குறைந்த மின்சாரத்தில் தரவு அனுப்புவதற்கான மொபைல் நெட்வொர்க் வகைகள். இரண்டுக்குமான மோடத்திலும் பிஎஸ்எம் என்ற மின்சேமிப்பு உறக்கம் உண்டு. உறங்கும்போது இழுப்பது மைக்ரோஆம்பியர் கணக்குதான். வித்தியாசம் வண்டி நகரும்போது தெரியும்.

என்பி-ஐஓடியில் ஹேண்டோவர், அதாவது இணைப்பு அறாமல் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாறும் வசதி, கிடையாது. தரவு போய்க்கொண்டிருக்கும்போது டவர் மாறினால் இணைப்பு அறுந்து, மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். பேட்டரியைத் தின்பது அந்தத் தேடல்தான். எல்டிஇ-எம் அறுபடாமல் தாவும். ஓடும் வண்டிக்கு அதுவே என் தேர்வு.

மெலிந்த சிக்னலையும் பிடிக்கும் என்பதால் அடித்தளப் பார்க்கிங்கில் என்பி-ஐஓடி கை ஓங்கும். ஆனால் சிக்னல் மெலிந்தால் ஒரே செய்தியைப் பலமுறை அனுப்பும், அதற்கும் மின்சாரம் போகும்.

எதை வாங்கினாலும், பிஎஸ்எம்மில் உறங்கும் டிராக்கருக்கு ‘இன்ஜினை நிறுத்து’ என்று அனுப்பினால், அது விழிக்கும்வரை போய்ச் சேராது.