செட்டியார் தெருவில் அட்டியல் வாங்கப் போகிறவர்களுக்கு

கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் ஒரு கடைக்குப் போய்வந்தேன். முதலே சொல்லிவிடுகிறேன், அங்கே இருந்தவரைப்போல் இவ்வளவு பண்பாகக் கவனிக்கும் விற்பனையாளரை நான் கொழும்பில் வேறெங்கும் கண்டதில்லை, ஆனாலும் அந்தக் கடையில் நகை வாங்கும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். கடையின் பெயர் வேண்டாம்.

பெறாமகளின் கலியாணத்துக்கு அட்டியல் எடுக்க அம்மாவோடு போயிருந்தேன். அந்தத் தம்பி வாசலுக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றி, காற்று வரும் இடமாகப் பார்த்துக் கதிரையில் இருத்தினார். "வெயிலுக்க வந்திருக்கிறியள், முதல்ல ஏதும் குடியுங்கோ" என்று எங்கள் ஊர்ப் பேச்சு, பக்கத்தில் நின்ற குடும்பத்தோடு அதே சரளத்தில் சிங்களம். அம்மாவின் பழைய தோட்டைப் பார்த்து, இந்த வேலைப்பாடு இப்போது ஒருத்தருக்கும் வராது என்றார். எதையும் வாங்கச் சொல்லி அவசரப்படுத்தவேயில்லை. அம்மாவுக்கு அவரை அப்படிப் பிடித்துப்போய்விட்டது.

சரி, விலைக்கு வருவோம். நாங்கள் எடுத்தது சிவப்புக்கல் வைத்த அட்டியல். அதைக் கல்லோடேயே தராசில் வைத்து, வந்த முழு நிறைக்கும் 22 கரட் தங்கத்தின் விலையைப் போட்டார். ஒரு பவுண் 8 கிராம், ஆகவே 2 கிராம் கல் இருந்தால் கால் பவுண் தங்கத்தின் காசு வெறும் கல்லுக்குப் போகிறது, இன்றைய விலையில் அது சின்னக் காசில்லை. கல் நிறையைக் கழித்து எழுதுங்கோ என்றேன். கோபமில்லை, முகச்சுளிப்பில்லை, அதே சிரிப்போடு "அக்கா, உங்களை நான் ஏமாத்துவனே?" என்றார். கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. சேதாரம் எத்தனை வீதம் என்றால், உங்களுக்காக முதலாளியிடம் கதைத்துக் குறைக்கிறேன் என்கிறார், எதிலிருந்து குறைக்கிறார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்கிடையில் சங்கிலிக் கொக்கி மாற்ற ஒரு வயதான அம்மா வந்து நின்றார், கசங்கிய சீலை, கையில் ஒரு கடதாசிச் சுருள். தம்பி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அங்கேதான் மனம் விட்டுப்போனது, அம்மாவை எழுப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு அதே தெருவில் சின்னக் கடை ஒன்றில் வாங்கினோம். கடைக்காரர் அதிகம் கதைக்கிற ஆளில்லை, அம்மாவுக்கு ஒரு கதிரைகூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் நாங்கள் வாய் திறக்கும் முன்பே கல் நிறையைக் கழித்தார், 22 கரட் என்பதற்கான 916 முத்திரையைப் பூதக்கண்ணாடியால் காட்டினார், தங்க நிறை, சேதாரம், கூலி மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதினார்.

நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும் காசு கட்டும் முன் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.