உழவர் சந்தை ரிவியூ: ஏழு மணிக்குள்ள போயிடுங்க

ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல எங்க ஏரியா உழவர் சந்தைக்குத்தான் போறேன், ரிவியூ போடணும்னு நினைச்சு நினைச்சே தள்ளிப்போச்சு. 5க்கு 4 தரலாம்.

முதல்ல கீரை. கீரை மட்டுமே விக்கிற ஒரு அம்மா இருக்காங்க, போன வாரம் தண்டங்கீரைய கையில எடுத்தேன், "அது முத்திப்போச்சு கண்ணு, அரைக்கீரை எடுத்துக்க"ன்னு வாங்கி வச்சுட்டாங்க. தெருமுனை கடைல இப்படி யாராச்சும் சொல்லுவாங்களா? ஈரம் காயாத கட்டு, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்குது.

விலை வாசல்லயே போர்டுல எழுதியிருப்பாங்க. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேல, வெளில விக்கிற சில்லறை விலைக்குக் கீழ, இதான் கணக்கு. நடுவுல தரகு கமிஷன் கிடையாது, விவசாயிக்கும் நாலு காசு, நமக்கும் மிச்சம். 1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்ல கலைஞர் ஆரம்பிச்ச திட்டம் இது, 2001ல ஆட்சி மாறினதும் படுத்துருச்சு, 2006க்கு அப்புறம்தான் திரும்ப உயிர் வந்துச்சு. காய் விக்கிற இடத்துக்குக்கூட எலெக்‌ஷன் ரிசல்ட் பாக்க வேண்டியிருக்கு பாருங்க.

ஒரு ஆளுக்கு தினம் 400 கிராம் காயும் பழமும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல உருளைக்கிழங்க சேத்துக்கக் கூடாதாம் (எங்க வீட்ல பாதிக் காய் அங்கயே அவுட்). நாலு பேருக்கு வாரத்துக்குக் கணக்கு போட்டா 11 கிலோ வருது! முன்னாடி நாங்க வாங்கினது நாலு கிலோ இருந்தா பெருசு. ரேஷன்ல அரிசி சும்மா கிடைக்குது, பருப்பு எண்ணெய் கம்மி விலைல கிடைக்குது, காய்க்குன்னு ஒண்ணும் இல்ல, அப்போ தட்டுல சோறுதான மலை மாதிரி இருக்கும்? இப்ப வெண்டை, கொத்தவரை, புடலைன்னு ஒன்பது கிலோ வரைக்கும் வருது, புள்ளைங்க மூஞ்சியச் சுளிச்சாலும் சாப்புடுதுங்க.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, அடையாள அட்டை இருக்குற விவசாயிதான் விக்கணும்னு ரூல், ஆனா சில கடைல கேரட், பீன்ஸ், முருங்கை, தக்காளி எல்லாம் ஒண்ணா குவிஞ்சு கிடக்குது. கேரட்டும் முருங்கையும் ஒரே தோட்டத்துலயா வெளையுது? ரெண்டு மூணு அயிட்டம் மட்டும் வச்சிருக்கவங்ககிட்ட வாங்குங்க, அவங்கதான் நிஜமா வெவசாயம் பாக்குறவங்க. பாத்ரூம் பத்தி கேக்காதீங்க, வெடிகாலைல மூட்டையோட வந்து இறங்குற பொம்பளைங்க பாவம். மத்தியானத்துக்குள்ள மூடிருவாங்க, அதனால வேலைக்குப் போறவங்களுக்கு வாரநாள்ல இது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பையும் சில்லறையும் எடுத்துட்டுப் போங்க. கீரைக்காரம்மாகிட்ட ஜிபே கிடையாது, நூறு ரூபா நோட்ட நீட்டினா கறிவேப்பிலைக் கொசுறு கட்.