காரைக்குடியில் ஓர் அறவியல் வகுப்பு: காண்ட் முதல் பாகப்பிரிவினை வரை

காரைக்குடியில் பழைய வீடொன்றின் வளவில் (உள்முற்றத்தில்), ஓய்வுபெற்ற மெய்யியல் பேராசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் நடத்தும் அறவியல் வகுப்பு, மேலை மெய்யியலாளர்களான காண்ட், மில் ஆகியோரின் கோட்பாடுகளை ஒப்பித்துவிட்டுப் போவதில்லை. அவற்றைச் சொத்துப் பத்திரத்துக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குகிறது. தத்துவம் படித்திராதவர்களும் சேரலாம். கட்டணம் ஒரு சட்டப் புத்தகத்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகுப்பில் இங்கிலாந்தில் 1884ஆம் ஆண்டு நடந்த டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்கு வந்தது. நடுக்கடலில் பசி தாளாமல் உடனிருந்த சிறுவனைக் கொன்ற இருவருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை, பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. எல்லோரும் எடுத்தாளும் உதாரணம்தான். நம்மூர்க்காரருக்கு அது கதையாகவே நின்றுவிடுகிறது.

பாகப்பிரிவினைக்கு வந்த பிறகே வகுப்பு களைகட்டியது. 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தபோது, அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியதால், 1988இல் மணமான அக்காளுக்கு இல்லாத உரிமை 1990இல் மணமான தங்கைக்குக் கிடைத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்றும், அதற்கு 2005இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. "சீர்தான் செய்தாயிற்றே, பங்கு எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். சீர் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, பங்கு அப்படியல்ல என்ற பேராசிரியர், கட்டாயக் கடமைக்கும் விருப்பத்துக்கு இடம் தரும் கடமைக்கும் காண்ட் காட்டிய வேறுபாட்டை அங்கேயே விளக்கினார். அடுத்து, பெண் ஒருத்தி தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய, பெயர்கள் மறைக்கப்பட்ட விடுதலைப் பத்திர நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, "எவ்விதத் தூண்டுதலுமின்றி முழு மனதுடன்" என்ற வரியைப் படிக்கச் சொன்னார். தனக்குப் பங்கு உண்டென்பதே தெரியாத பெண் போட்ட கையெழுத்து பதிவு அலுவலகத்துக்குப் போதும், மனசாட்சிக்குப் போதுமா என்ற கேள்வியில் வளவே இரண்டாகப் பிரிந்தது.

ஒரு குறை. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை 2005ஆம் ஆண்டுச் சட்டம் கலைக்காமல் விட்டதை அவர் வெறும் சமரசம் என்று ஒதுக்கிவிட்டார். வாங்கியவரும் கடன் கொடுத்தவரும் நம்பி நடந்த ஏற்பாட்டைக் குலைப்பதால் விளையும் கேடும் அறக்கணக்கில் சேர்வதே. செயலை அதன் விளைவால் எடைபோடும் மில் போன்ற பயன்வாதிகளுக்கு அங்கே நியாயமான வாய்ப்புக் கிடைக்கவில்லை. எதிரொலிக்கும் வளவில் ஒலிபெருக்கி இல்லாததால் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சே எட்டுகிறது. சொந்த வழக்குக்குத் தீர்வு தேடி வருபவர்களை அவர் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுகிறார், அது சரியே.

பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தரும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் கடைசி வகுப்பில் அவசரமாகத் தொட்டார். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, முதியவர்கள் மட்டும் பெரிய வீடுகளைக் காத்துக் கிடக்கும் இந்தப் பகுதியில் அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்கினால், மீண்டும் பணம் கட்டிச் சேரத் தயங்க மாட்டேன்.